ஹீட்டருக்குள் உப்பு

"ஹீட்டர்ல சூடு வரலைப்பா!"

சித்திரை வெயிலில் ராமநாதபுரமே கொதிக்கிறது. இங்கே ஒருத்தருக்குக் காருக்குள் சூடு பத்தவில்லையாம்! மெக்கானிக் மலையாண்டிக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. காலையிலிருந்து இரண்டு பஸ்களுக்கு அடியில் படுத்து எழுந்ததில் முதுகு விண்விண்ணென்று தெறித்தது.

வந்தவர் ஹமீது சுல்தான். கொழும்பில் கடை வைத்திருப்பவர். குளிர் மலையான நுவரெலியாவில் ஒரு வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போன காரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்.

"ஏன் மொதலாளி, வெளியில அடிக்கிற சூடு போதாதா?"

"உம்மா கொடைக்கானல் ஆஸ்பத்திரியில கெடக்குறாகப்பா. நெஞ்சுச் சளி. வெள்ளிக்கிழமை கூட்டியாரணும். மலையெறங்குற வரைக்கும் குளிரு படக்கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டாரு. இது என்னடான்னா பச்சைக் காத்தை ஊதுது."

மலையாண்டி பானெட்டைத் திறந்தார்.

இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார். ரேடியேட்டரில் தண்ணீர் இருந்தது. ஹீட்டர் விசிறி சுற்றியது. இன்ஜினிலிருந்து ஹீட்டருக்குப் போகிற ரப்பர் குழாயைத் தொட்டார். கை பொத்துப்போகிற சூடு. திரும்பி வருகிற குழாயைத் தொட்டார். சில்லென்று இருந்தது.

"போற சுடுதண்ணி திரும்பி வரலை மொதலாளி. உள்ள அடைச்சிருக்கு. கழட்டிருவோம்."

"கழட்டு. நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்."

அவர் தலை மறைந்ததும் அவருடைய டிரைவர் அகமது கபீர் ஓடி வந்தார்.

"கழட்ட வேணாம்ணே. காத்தடிச்சு விட்டாப் போதும்."

"யாரு மெக்கானிக்கு? நீயா, நானா? தள்ளு அங்கிட்டு."

ஹீட்டர் பெட்டியைக் கழற்றித் தரையில் தட்டினார். பொலபொலவென்று வெள்ளைக் கட்டிகள் கொட்டின. ஒரு துணுக்கை நாக்கில் வைத்தார். உப்பு!

"அடப்பாவி! உப்புக் கிணத்துத் தண்ணியவா ஊத்துறே?"

கபீர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, அடைச்சிருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. உப்புன்னு சொல்லிறாதீக. பன்னெண்டு வருசமா இவருகிட்டதான் இருக்கேன். வேலை போச்சுன்னா நாலு பொட்டப் புள்ளைகளோட எங்கிட்டுப் போவேன்?"

நாலு மைல் தள்ளியிருக்கிற ஊருணியிலிருந்து தினமும் காலையில் இந்தக் காருக்கு ஊற்றவும் கழுவவுமென்றே இரண்டு டின் நல்ல தண்ணீர் வருகிறது. அது ஊருக்கே தெரியும். மனுசனுக்கே குடிக்க வழியில்லை, காருக்கு ஊருணித் தண்ணீரா என்று ஊரே வயிறெரிந்த விஷயம்.

"அப்ப அந்த ரெண்டு டின்னும் எங்க போகுது? வித்துத் திங்கிறியா?"

"விக்கலைண்ணே. சத்தியமா விக்கலை."

"பெறகு யாருக்குக் குடுத்தே?"

கபீர் மலையாண்டியின் முகத்தையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மலையாண்டிக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. நாள் பூரா நாயாய் உழைக்கிறவன் ஒரு பக்கம், தண்ணீரைத் திருடி விற்கிறவன் ஒரு பக்கம். இவனுக்கு நான் பொய் வேறு சொல்ல வேண்டுமா?

சுல்தான் திரும்பி வந்ததும் கட்டியை அவர் கையில் வைத்தார்.

"ருசி பாருங்க மொதலாளி."

சுல்தான் நாக்கில் வைத்தார், துப்பினார். முகம் சிவந்துவிட்டது.

"ஏலே கபீரு! ஊருணித் தண்ணி எங்கடா?"

"தப்புத்தான் மொதலாளி."

"எங்கன்னு கேட்டேன்!"

கபீர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சாவியை வச்சிட்டுப் போடா. இனிமே என் மூஞ்சியில முழிக்காதே."

கபீர் சாவியை மட்கார்டு மேல் வைத்துவிட்டு, கொதிக்கிற தார் ரோட்டில் நடந்து போனார். பன்னிரண்டு வருஷ வேலை, அரை நிமிஷத்தில் முடிந்தது.

பெட்டியை ஊறப்போட்டு, கம்பி விட்டுக் குத்தி, ஊதி, மாட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இன்ஜினைப் போட்டதும் குப்பென்று அனல் அடித்தது. "உன்னை மாதிரி நேர்மையான ஆளு இந்த ஊர்ல கெடையாதுப்பா" என்று சுல்தான் தோளில் தட்டிவிட்டுப் போனார். முதுகு வலியோடு வீட்டுக்கு நடந்த மலையாண்டிக்கு அது ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது.

மனைவி ராமலெட்சுமி சொம்பை நீட்டினாள். வாங்கி மடமடவென்று குடித்தார்.

"மெள்ளக் குடிங்க. பானையில இருந்ததே அம்புட்டுத்தான். நாளையிலேருந்து நமக்கும் உப்புத் தண்ணிதான்."

"ஏன், என்னாச்சு?"

"இந்தத் தெருவுல நல்ல தண்ணி ஏதுங்க? எங்கன புடிக்கிறேன்னு நீங்க என்னைக்குக் கேட்டீக? ஒரு டிரைவர் பாய்தான் தெனமும் நீங்க ஷெட்டுக்குப் போன பெறகு ரெண்டு டின் கொண்டாந்து எறக்குவாரு. நாங்க நாலு வீட்டுக்காரவுக பங்கு போட்டுக்குவோம். ஒரு காசு வாங்குனதில்லை. மத்தியானம் நடந்தே வந்தாரு. வேலை போயிருச்சாம், இனி வர ஏலாதுன்னாரு."

மலையாண்டி காலிச் சொம்பைப் பார்த்தார்.

"போறப்ப என்னைத் தனியாக் கூப்புட்டு ஒண்ணு சொன்னாருங்க. 'தண்ணி கொண்டாந்தது நான்தான்னு உங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம்மா, பாவம், தாங்க மாட்டாரு'ன்னாரு. எதுக்குங்க அப்படிச் சொன்னாரு?"