ஒரே அளவு உறைகள்

இந்த ரயிலில் வரும் இரண்டு கல்லூரிப் பையன்களுக்கும் நேற்றிலிருந்து வெட்டுக்குத்து. பெட்டியின் மறுகோடியில் அலறல் கேட்டதும் எதிரே இருந்த பையன் தன் சீசன் டிக்கெட்டை என் மடியில் போட்டான். மாணவர்களுக்கான பாதிக் கட்டணச் சீசன் என்பதால் உறைக்குள் கல்லூரி அட்டையும் இருந்தது. நான் அதைப் பைக்குள் தள்ளுவதற்கும் மூன்று பேர் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. முன்னால் நின்றவனின் பட்டாக்கத்தி ஈரமாயிருந்தது.

“எந்தக் காலேஜ்டா நீ?”

“காலேஜ்லாம் இல்லண்ணா. மொபைல் கடைல வேல.”

“கடைக்காரனுக்கு ஏன்டா இப்டி வேர்க்குது?” கத்தியின் தட்டைப் பக்கத்தால் பையனின் கன்னத்தைத் துடைத்தான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

“அவன் என் தம்பி” என்றேன். என் குரல் ஏனோ சந்தோஷமாக ஒலித்தது.

“அப்டியாக்கா? நீ எந்தக் காலேஜ்? உன் சீசன எடு.”

என்னுடையது பெண்கள் கல்லூரி. அதைக் காட்டினால் விட்டுவிடுவார்கள். பைக்குள் ஒரே அளவில் இரண்டு உறைகள் விரலில் பட்டன. குனிந்து பார்க்க முடியாது. கத்தி வைத்திருந்தவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றை உருவி நீட்டினேன். வாங்கியவனின் கட்டைவிரல் ரத்தம் புகைப்படத்தின் மேல் அப்பிக்கொண்டது. அவன் அதைச் சட்டையில் துடைக்கத் தொடங்கினான்.