பஞ்சு நுனி

"கண்ணை மூடிக்குங்க ஐயா. பஞ்சு எங்கே படுதோ அங்கே ஒரு விரலை வைங்க."

மூன்றாம் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியவர் சொன்னபடி கண்ணை மூடினார். வெளியே மழை வரப் பார்த்தது. பச்சைத் திரை வழியாக வந்த வெளிச்சத்தில் வார்டே தண்ணீருக்குள் இருப்பது போலிருந்தது. தோல் மருத்துவ மேற்படிப்பு மாணவி தூங்கி மூன்று நாளாகிறது. காலையில் பஸ்ஸில் பார்த்த முகமெல்லாம் அவளுக்குப் படையும் தேமலுமாகத்தான் தெரிந்தது.

செய்முறைத் தேர்வில் இது மூன்றாவது முயற்சி. இன்று அவளுக்கு ஒதுக்கியிருந்தது மூன்றாம் கட்டில் நோயாளியை. முதல் இரண்டு தடவையும் நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தாள். தேர்வாளர் "நிச்சயமா?" என்று கேட்டதும் "இருக்கலாம் சார்" என்று மழுப்பிக் கோட்டை விட்டாள். இந்தத் தடவையும் போனால் படிப்பை மறந்துவிட வேண்டியதுதான். "நீ டாக்டராகப் போறியா, இல்ல பரீட்சை எழுதறதே தொழிலா?" என்று அண்ணன் வேறு கேட்டிருந்தான்.

பெரியவரின் முழங்கைக்குப் பின்னால், அவர் கண்ணுக்கே படாத இடத்தில், காசு அளவுக்கு ஒரு வெளிறிய வட்டம். புழுக்கத்தில் கையெல்லாம் வியர்த்திருக்க, அது மட்டும் காய்ந்து கிடந்தது. அதில் ஒரு முடிகூட இல்லை.

பஞ்சு நுனியால் மணிக்கட்டில் தொட்டாள். விரல் சரியாக வந்தது. முன்கையில் தொட்டாள். வந்தது. வட்டத்தில் தொட்டாள். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை.

"என்னம்மா, இன்னும் தொடலையா?" என்றார் கண்ணைத் திறக்காமல், சிரித்தபடி.

அவள் முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்த்தாள். நரம்பு கயிறாகத் தடித்திருந்தது.

"மூணு தடவை தொட்டேன் ஐயா."

சிரிப்பு அப்படியே நின்றது. மெதுவாகக் கண்ணைத் திறந்தார்.

"என்னன்னு நினைக்கறீங்க?"

"தொழுநோய். ஆரம்ப நிலை."

"நிச்சயமா?"

வழக்கம்போல் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது பரீட்சையே மறந்துபோனது. இவரிடம் போய் மழுப்பினால் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருந்துவிடுவார், நாளைக்கு விரல்கள் மடங்கிப் போகும்.

"நிச்சயம்தான் ஐயா. பயப்படாதீங்க. ஆறு மாசம் மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டா முழுசா குணமாயிடும். வீட்ல யாரும் உங்களைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை" என்று அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

மழை பிடித்துக்கொண்டது.

திரை விலகியது. நர்ஸ் யாரோ ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள்.

"மூணாம் கட்டில் பேஷன்ட் இவர்தாம்மா, டீ குடிக்கப் போயிட்டார்" என்றவள், கட்டிலில் இருந்தவரைப் பார்த்துத் திகைத்தாள். "எக்ஸாமினர் சார், நீங்க இங்கேயா இருக்கீங்க? உங்களை எல்லாரும் தேடிட்டிருக்காங்க."

"காத்து வருதேன்னு உட்கார்ந்தேன் சிஸ்டர். விளையாட்டுக்குத்தான் கையை நீட்டினேன்" என்று எழுந்தார் அவர். "இவங்க பாஸ். எனக்கு ஒரு ஓ.பி. சீட்டு போட்டுடுங்க."