மூன்றாம் முறையும் அதே பதில்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான், என் மனைவி வடிவு, மகன் திருமாறன் மட்டுமே. வீடியோ கேம் சோதிக்கும் வேலை கிடைத்து அவனுக்கு முதல் வாரம். கேமுக்குள் வரும் மனிதர்களிடம் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பான். பதில் மாறாவிட்டால் பழுது என்று குறிப்பான்.

“அப்பா, என்னை உங்களுக்குப் பிடிக்குமா?”

“நம்ம குடும்பத்துல அப்படியெல்லாம் கேக்குற வழக்கமில்ல.”

மறுபடியும் கேட்டான். மூன்றாம் முறையும் கேட்டான். சொன்னதை மாற்றிச் சொல்வது எங்கள் பரம்பரையில் இல்லை, அதையேதான் சொன்னேன்.

“கம்பெனி வேலைய வீட்டுக்குக் கொண்டாராதடா,” என்றாள் வடிவு.

அவன் என் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தான். “இதுவும் பழுதும்மா,” என்றான்.

அவன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டதாகத் தெருவில் பேசுகிறார்கள். அது பொய். இங்கேதான் இருக்கிறான். என்னைச் சரிசெய்ய யாராவது வருவார்கள் என்று காத்திருக்கிறான்.