வேதப் பெயர்

“பிள்ளையின் பெயர் என்ன?” என்று கேட்டபடி அருமைநாயகம் போதகர் ஞானஸ்நானத் தொட்டியின் தண்ணீருக்குள் விரல்களை விட்டார்.

மற்றக் கையில் பிள்ளை. நாலு மாதத்துக் கொழுத்த பையன். போதகரின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குவதிலேயே குறியாக இருந்தான்.

பெயரை அவருக்கும் சொல்லியிருக்கவில்லை. போன கிழமை கேட்டபோது பிள்ளையின் தகப்பன் ரதீஸ், ‘சஸ்பென்ஸ்’ என்று சிரித்து மழுப்பிவிட்டான். வேதப் பெயர்தான், அதில் மட்டும் ஐயா பயப்பட வேண்டாம் என்றான்.

மண்டபத்தில் தோணி மாதிரிச் செய்த கேக் காத்திருந்தது. அதில் பெயர் எழுதிய பக்கத்தைக்கூட யாரும் பார்த்துவிடாதபடி துணியால் மூடி வைத்திருந்தார்கள்.

வேதப் பெயர் என்றதே போதகருக்குப் போதும். பெரியகல்லாற்றில் இப்போதெல்லாம் பிறக்கிற பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் நாக்குச் சுளுக்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வருகிறவர்களே திங்கட்கிழமை சாத்திரியாரிடம் களவாய்ப் போய் முதல் எழுத்துக் கேட்கிறார்கள். பிறகு எண் கூட்டிப் பார்த்து, கடைசியில் ஒரு ‘ஷ்’ஷைச் செருகி வைக்கிறார்கள். அர்த்தம் கேட்டால் முகட்டைப் பார்க்கிறார்கள்.

மற்றப் போதகர்மார் இந்த இளசுகளை எப்போதோ தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார்கள். யாரும் வேதம் வாசிப்பதில்லை, காலையில் போனில் வந்து விழுகிற ஒற்றை வசனத்தோடு சரி, ஆதாம் ஏவாளைத் தாண்டினால் எல்லாம் இருட்டு என்று கூட்டத்துக்குக் கூட்டம் புலம்புவார்கள்.

அருமைநாயகம் புலம்புகிற ஆள் இல்லை. சொல்லுகிற விதத்தில் சொன்னால் கல்லும் கரையும் என்பது அவர் கட்சி.

அதற்கு அவரிடம் அத்தாட்சியும் இருந்தது. இந்த வருஷம் லெந்து உபவாசக் காலத்தில், மறைத்து வைத்த பாவத்தைப் பற்றி அவர் பேசிய அன்று ஆலயத்தில் ஒரு இருமல் கேட்கவில்லை. அப்போது நிறைமாதக்காரியாக இருந்த ரதீஸின் மனைவி மேனுகா முன்வாங்கில் இருந்து கண் வெட்டாமல் கேட்டாள். வெளியே வந்ததும் ரதீஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் வேதப் பெயர் வைப்பதில் என்ன ஆச்சரியம்?

யன்னலால் கச்சான் காற்று வாவியின் சேற்று மணத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. மேனுகா புருஷனின் முழங்கையில் இடித்தாள். ரதீஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

“ஆகான்.”

தண்ணீருக்குள் விரல்கள் அப்படியே நின்றன.

ஆகானா! பிடித்த பட்டணத்தில் தனக்கென்று ஒரு துரும்பையும் எடுக்கக்கூடாது என்ற கட்டளையை மீறிப் பொன்னும் வெள்ளியும் ஒரு சால்வையும் திருடியவன். திருடியதைத் தன் கூடாரத்துக்குள் புதைத்து வைத்தவன். அவன் ஒருவனால் சேனையே தோற்று ஓடியது. கடைசியில் அவனைக் கல்லெறிந்து கொன்று, மேலே கற்குவியலை ஏற்றி மூடினார்கள். வேதம் தெரிந்த ஒருவன் அந்தப் பெயரைத் தன் வீட்டு நாய்க்கும் வைக்கமாட்டான்.

போதகர் சபையைப் பார்த்தார். ஒரு முகமாவது சுளிக்காதா என்று வாங்கு வாங்காகப் பார்த்தார். இவர்களுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

ஞாயிறு பாடசாலை ரீச்சர் பிள்ளையைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். சபைச் செயலாளர் பக்கத்தில் இருந்தவரிடம், எங்கேயோ கேட்ட நல்ல பெயர் என்றார். பின்னால் யாரோ கைதட்டவும் செய்தார்கள்.

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் நம்பிக்கை போகவில்லை. வேதத்தைத் திறந்து, நின்ற இடத்திலேயே இன்னொரு தடவை சொன்னால் ஆயிற்று. அவர் சொன்னால் கேட்பார்கள். கேக்கில் ஐசிங்கை வழித்துவிட்டு வேறு பெயர் எழுதிக்கொள்ளலாம். கண்ணாடிக்குக் கை நீட்டுகிற இந்தச் செல்லத்தை ஆயுள் முழுக்க ஒரு கள்ளனின் பெயரோடு அலைய அவர் விடப்போவதில்லை.

அதற்காகப் பெற்றவர்களைச் சபை நடுவே வெட்கப்படுத்தவும் கூடாது. குனிந்து, ரதீஸுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

“மனே, இந்தப் பேர எங்க எடுத்தீங்க? போன்ல தேடினதா?”

ரதீஸின் முகம் மலர்ந்துவிட்டது.

“போன்லயா? ஐயாட வாயால கேட்டதுதான்! லெந்துல நீங்க ஆகான், ஆகான் எண்டு சொல்லக்குள்ள இவட வயித்துக்குள்ள பிள்ள துள்ளினதாம். அண்டைக்கே முடிவெடுத்திட்டா. பொன்னும் வெள்ளியும் நல்ல சால்வையுமா வெச்சிருந்த ஆள்தானே ஐயா!”

மேனுகா வெட்கத்தோடு ஓம் என்று தலையாட்டினாள்.

போதகர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐயா ஜெபிக்கிறார் என்று நினைத்துச் சபையும் தலை குனிந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நிறைந்த மனதோடு “ஆமென்” என்றது.

அவர் கண்ணைத் திறந்து தண்ணீரை அள்ளினார். யாருடைய தலையில் தெளிப்பது என்றுதான் தெரியவில்லை.