இரண்டாம் பெட்டி

மூடியின் மேல் 2 என்று போட்டுவிட்டு, அதே பெட்டியில் உப்புநீர்க் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தார் ஆய்வக உதவியாளர் செண்பகவல்லி.

உள்ளே வந்த ஆய்வு மாணவி எலிக் கூண்டைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அது ரெண்டாம் பெட்டி. அதுல பெப்டைடு மருந்துல்ல வரணும்?"

செண்பகவல்லி நிமிர்ந்து சிரித்தார்.

"ரெண்டு இல்லம்மா. பிள்ளையார் சுழி. முதல் பெட்டியில அதைப் போடாம எனக்குக் கை ஓடாது. நம்பர் அடியிலதான் எழுதுவேன்."

பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள்.

அடியில் 1.

மாதத்தின் முதல் திங்களன்று அவள் வருவதற்குள் பெட்டிகள் ஃப்ரிட்ஜுக்குள் போயிருக்கும். இன்று பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

ஒரு மூடியில் 2 இருந்தது. மற்றதில் ஒன்றுமில்லை. அப்படியானால் அது 1 என்று அவளே முடிவு செய்திருந்தாள்.

பதினான்கு மாதமாக அதை நம்பித்தான் ஊசி போட்டாள்.

முப்பத்தாறு எலிகள். எல்லாவற்றுக்கும் முதலில் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்தாயிற்று. பிறகு பாதிக்கு, கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்த பெப்டைடு. பாதிக்கு வெறும் உப்புநீர்.

பெப்டைடு போட்டவை தேறின. அப்படித்தான் எழுதினாள்.

தேறியவை உப்புநீர் எலிகள். தாமாகத் தேறியிருக்கின்றன.

பெப்டைடு, மற்றவற்றைத் தேறவிடவில்லை.

கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.

"என்னம்மா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? லேப்புல சுழி போடக் கூடாதா? நீ பரீட்சைப் பேப்பர்ல போடாமலா பாஸ் பண்ணே?"

போட்டவள்தான். எல்லாப் பரீட்சையிலும்.

கட்டுரை ஏப்ரலில் அச்சாகிவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு. அது முடிந்தால் முனைவர் பட்டம். அழைப்பிதழில் அவளுடைய வழிகாட்டி சார் இப்போதே பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுவிட்டார்.

வராந்தாவுக்கு வந்தாள்.

ஆகஸ்டில் திருநெல்வேலியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ரஹ்மத் நிஷா என்ற ஆய்வு மாணவி. கட்டுரையில் உள்ளபடியே செய்தாளாம், மூன்று முறை. பெப்டைடு போட்ட எலிகளில் ஒன்றுகூடத் தேறவில்லையாம். பிழை தன் கையில்தான் என்று தன் சார் சொல்கிறார், எங்கே பிழை என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தாள்.

இவள் பதில் போட்டாள். மரியாதையாக, வரிசை எண் இட்டு.

குளிர்நிலை சரியாக இல்லாமல் இருந்திருக்கலாம்.

அளவு தவறியிருக்கலாம்.

ஊசி போடும் கைக்குப் பழக்கம் போதாமல் இருக்கலாம்.

அதற்கு இரண்டே வரி வந்தது. தங்கள் நேரத்துக்கு நன்றி. ஆராய்ச்சியை விட்டுவிட்டேன்.

கையெழுத்துக்குக் கீழே போன் நம்பர்.

கைபேசியில் அந்த நம்பரை அழுத்தினாள்.

நான்காவது மணியில் எடுத்தார்கள். பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஏழாம் வாய்ப்பாடு.

தன் பெயரைச் சொன்னாள்.

"ஏலே, செத்த நேரம் சத்தம் போடாம இருங்க."

வாய்ப்பாடு நின்றது. நாற்காலி நகரும் சத்தம். ஒரு கதவு சாத்தப்பட்டது.

"சொல்லுங்க மேடம்." குரலில் அத்தனை ஆவல். "நான் எங்கே தப்புப் பண்ணினேன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?"