வாலை வைத்த பல்லிகள்

ஒரு கணினிக் கடைச் சுவரில் நெட்டையன், குட்டையன் என்று இரண்டு பல்லிகள் இருந்தார்கள். சிவப்புப் பெட்டியில் வரும் பிராசசர்தான் வேகமானது என்பான் குட்டையன். நீலப் பெட்டிதான் என்பான் நெட்டையன். இருவரும் ஒரு கணினியையும் தொட்டதில்லை. கடைத் தொலைக்காட்சியில் அவற்றைச் செய்யும் இரண்டு கம்பெனிகளின் பங்கு விலை ஓடுவதைப் பார்த்தே பகை வளர்த்தார்கள்.

ஒரு கட்டெறும்பு வந்தது. "வாயால யாரும் பேசலாம் அண்ணே. நம்பிக்கை இருந்தா வாலை வையுங்க. நாளைக்கு எந்தக் கம்பெனி விலை ஏறுதோ, அந்தக் கட்சிக்கு ரெண்டு வாலும் சொந்தம்."

"வெச்சேன்!" என்று குட்டையன் வாலை உதறினான். நெட்டையன் விடுவானா? அவனும் உதறினான். பத்திரமாக வைக்கிறோம் என்று எறும்புகள் இரண்டையும் தூக்கிப் போயின.

மறுநாள் சிவப்புக் கம்பெனியின் விலை ஏறியது. குட்டையன் சந்தோஷத்தில் சுவரெல்லாம் ஓடி, வாலில்லாததால் நிலை தவறி மேஜையில் விழுந்தான்.

"என் வாலுங்க எங்கேடா?"

"புத்துக்குள்ள உங்க பேர்லதான் இருக்கு அண்ணே," என்றது கட்டெறும்பு, வாயைத் துடைத்துக்கொண்டு.

நெட்டையன் சிரித்தான். "தோத்த எனக்கும் வால் இல்ல, ஜெயிச்ச உனக்கும் இல்ல. இதுல என்னடா வித்தியாசம்?"

குட்டையன் நெஞ்சை நிமிர்த்தினான். "உனக்கு இல்லாதது ஒரு வால். எனக்கு இல்லாதது ரெண்டு!"

சில வாரம் கழித்து நீலக் கம்பெனி புதிய பிராசசரை அறிவித்தது. இருவரும் அவசரமாகத் திரும்பி, வால் எவ்வளவு முளைத்திருக்கிறது என்று பார்த்தார்கள். கீழே எறும்புகள் ஏற்கெனவே வரிசையில் நின்றன.