காற்று யாருடையது

வயிற்றுக்குள் ஏதோ புரண்டது.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

முழங்காலுக்குக் கீழே காலுக்கு இரண்டாக நான்கு ஊசிகள். ஊசிகளிலிருந்து ஒயர். ஒயர் முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பெட்டி. லேசான கரண்ட் விட்டுவிட்டுக் காலைச் சுண்டிக்கொண்டிருந்தது.

குடலில் இருந்த புற்றுக்கட்டியை வெட்டி எடுத்துத் தைத்து இன்றோடு ஐந்தாம் நாள். ஆபரேஷனில் அசந்து தூங்கிப்போன குடலை இந்தக் கரண்ட் தட்டி எழுப்பும் என்று அக்குபங்சர் ஊசி குத்தும் டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

குடல் நேற்றே எழுந்துவிட்டது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

காற்றுப் பிரிந்தால்தான் கஞ்சி. பிரியாவிட்டால் மறுபடி மூக்கில் குழாய், மறுபடி ஸ்கேன். பெரிய டாக்டர் காலையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே தையல் விட்டுப்போயிருக்குமோ என்று மகள் வராந்தாவில் அழுதுகொண்டிருக்கிறாள்.

எல்லாம் தெரியும். அவருக்கும் பயமாகத்தான் இருந்தது. பசி வேறு கண்ணைக் கட்டியது.

ஆனால் பக்கத்து ஸ்டூலில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறாரே!

லோகநாதன் அவர் மகளைக் கட்டி ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷத்தில் அவர் மாப்பிள்ளை எதிரே சட்டை இல்லாமல் நின்றதில்லை. கால்மேல் கால் போட்டதில்லை. ஏப்பம்கூட விட்டதில்லை. மாப்பிள்ளையும் லேசுப்பட்டவர் இல்லை. மாமனார் கண்ணில் படும்படி ஒரு நாள் கைலி கட்டியதில்லை. இப்படி இரண்டு மரியாதைக்காரர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் ஒரு குடல் என்னதான் செய்யும், பாவம்.

பாத்ரூமுக்குப் போனாலும் டிரிப்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை கூடவே வந்தார்.

காப்பி குடித்துவிட்டு வரச் சொல்லி மூன்று தடவை கெஞ்சிப் பார்த்தாயிற்று.

"நீங்க பட்டினியாக் கெடக்கறப்ப எனக்கு எப்படிங்க மாமா எறங்கும்?"

தங்கமான மனிதர். எழுந்து போய்த் தொலைய மாட்டேன் என்கிறார்.

டாக்டரம்மா பெட்டியில் கரண்டைக் கொஞ்சம் கூட்டினார்.

கால் சுண்டியது.

வயிறு புரண்டது.

அவர் கட்டில் கம்பியைப் பிடித்தார். முருகனைக் கூப்பிட்டார். முருகன் யார் பக்கம் என்று தெரியவில்லை.

ஆறு வருஷ மரியாதை ஒரு பக்கம், ஐந்து நாள் காற்று ஒரு பக்கம்.

காற்று ஜெயித்தது.

வார்டே திரும்பிப் பார்த்தது. அடுத்த கட்டிலில் டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்து, கேஸ் ஷீட்டில் குறிக்கப் பேனாவைத் திறந்தாள்.

அதற்குள் மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"மன்னிச்சுக்குங்க சிஸ்டர். நான்தானுங்க."

நர்ஸின் சிரிப்பு அணைந்தது. பேனாவை மூடினாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளைகூட இப்படி ஒரு பழியை ஏற்காது. இந்த மனிதரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முதுகில் ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

நர்ஸ் திரும்பி நடந்தாள். கூடவே கஞ்சியும் போனது.

அவர் ஊசியும் ஒயருமாக எழுந்து உட்கார்ந்தார்.

"பொண்ணையே குடுத்தனுங்க மாப்பிள்ளை," என்றார், வார்டு முழுக்கக் கேட்கும்படி. "இதையக் குடுக்க மாட்டனுங்க."